சாட்சி வேறு, கருவி வேறு: குவாண்டம் இயற்பியலில் 'பார்ப்பவர்' யார்?

குவாண்டம் இயற்பியலையும் ஆன்மிகத்தையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரட்டைப் பிளவுச் சோதனையில் வந்து நிற்பார்கள். எலக்ட்ரான்களை இரண்டு பிளவுகள் வழியே அனுப்பினால் திரையில் அடர்த்தியும் வெறுமையுமாக மாறிமாறிப் பட்டைகள் விழும். எந்தப் பிளவு வழியாகப் போனது என்று பார்த்தால் பட்டைகள் மறையும். பார்ப்பது மனம், மாறுவது பொருள். ஆகவே மனமே பொருளை உண்டாக்குகிறது என்பது அடுத்த தாவல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பார்த்தால்' என்ற சொல்லுக்கு ஆய்வகத்தில் என்ன பொருள் என்று கேட்டுவிட்டால் இந்த வாதம் அங்கேயே தடுக்கி விழுகிறது.

1989இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுரா குழுவினர் 50,000 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். அந்த வேகத்தில் எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 5 பிக்கோமீட்டர். ஓர் அணுவின் குறுக்களவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. முதலில் உணரியில் தாறுமாறாகப் புள்ளிகள் விழுந்தன. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபிறகே பட்டைகள் துலங்கின. அந்த நேரத்தில் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும், அறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தாலும் படம் ஒன்றுதான். பட்டைகளை அழிக்க வேண்டுமானால் பாதையில் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்: ஒளிக்கற்றை, மின்புலம், இன்னொரு துகள். அது எலக்ட்ரானோடு வினைபுரிந்து, 'இந்த வழியாகப் போயிற்று' என்ற தடயத்தை எடுத்துச் செல்ல வேண்டும். அந்தத் தடயத்தை யாரும் படிக்க வேண்டியதுகூட இல்லை.

இதை மிகத் தெளிவாகக் காட்டியவை வியன்னாவில் நடந்த சோதனைகள். 1999இல் ஆன்டன் ஸைலிங்கர் குழு 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளிலேயே குறுக்கீட்டுப் பட்டைகளை, அதாவது அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் உண்டாகும் அதே பட்டைகளை, கண்டது. பிறகு அவர்கள் அந்தப் பட்டைகளைக் கெடுக்கும் வேலையில் இறங்கினார்கள். 2003இல், மூலக்கூறுகள் பறக்கும் வெற்றிடக் கலத்துக்குள் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டார்கள். அழுத்தம் ஒரு மில்லிபாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவை நெருங்கும்போதே பட்டைகள் மங்கிவிட்டன. பெரிய மூலக்கூறுமீது மோதிய வாயு மூலக்கூறு, அது எங்கே இருந்தது என்ற செய்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. 2004இல் வேறு வழி: 70 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன்களை லேசரால் சூடாக்கினார்கள். சூடேறிய மூலக்கூறு பழுத்த இரும்பைப்போலத் தானே ஒளிர்கிறது, வெளியேறும் ஃபோட்டான்கள் அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன, பட்டைகள் போயின.

இங்கே கவனிக்க வேண்டியது, பட்டைகள் மறைந்த விதம். விளக்கை அணைத்ததுபோலச் சட்டென்று மறையவில்லை. அழுத்தம் கூடக்கூட, வெப்பம் ஏற ஏற, கணக்கிட்ட வளைகோட்டின்படி படிப்படியாக மங்கின. வாயுவின் அளவைச் சொன்னால் பட்டையின் தெளிவைச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில் மனிதரின் கவனத்துக்கு ஒரு குறியீடும் கிடையாது, தேவைப்படவும் இல்லை. சுற்றுப்புறத்தோடு மோதி அலையின் ஒழுங்கு இப்படிச் சிதறுவதற்கு ஓரியல்பு குலைதல் என்று பெயர். சுற்றுப்புறம் இடைவிடாமல் 'பார்த்துக்கொண்டே' இருப்பதால்தான் மேசையும் நாற்காலியும் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் தெரிவதில்லை. காற்றையும் வெப்பத்தையும் நன்றாக விலக்கிவிட்டால் பெரிய பொருளும் அலையாகும்: 2019இல் 25,000 அணு நிறை அலகைத் தாண்டிய, சுமார் 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் குறுக்கீடு காணப்பட்டது.

பிரக்ஞை எப்படி உள்ளே வந்தது

அப்படியானால் பிரக்ஞைக்கும் குவாண்டத்துக்கும் முடிச்சுப் போட்டவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா? இல்லை. அந்த முடிச்சின் முதல் இழை ஒரு கறாரான கணித நூலில் இருக்கிறது. 1932இல் ஜான் வான் நியூமன் அளவீட்டை ஒரு சங்கிலியாக எழுதிக் காட்டினார். அணு, உணரி, மின்பெருக்கி, முள், கண், நரம்பு, மூளை என்று போகிற சங்கிலி. குவாண்டம் சமன்பாடு இந்தக் கண்ணிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால், ஒவ்வொரு கண்ணியும் 'இதுவும் அதுவும்' என்ற மேற்பொருந்திய நிலைக்குள் இழுக்கப்படும். எங்கோ ஓரிடத்தில் 'இது மட்டும்' என்று வெட்ட வேண்டும். அந்த வெட்டை எந்தக் கண்ணியில் வைத்தாலும் கணிப்புகள் மாறா என்று நியூமன் நிறுவினார். 1939இல் லண்டன், பாவர் என்ற இரு இயற்பியலாளர்கள் அந்த வெட்டைச் சங்கிலியின் கடைசியில், பார்ப்பவரின் பிரக்ஞையில் வைத்தார்கள். 1961இல் இயற்பியலாளர் யூஜின் விக்னர் அதற்கு மேலும் வலுவூட்டினார்.

இரண்டு செய்திகள் இங்கே வழக்கமாக விடுபட்டுப்போகின்றன. ஒன்று, வெட்டை எங்கே வைத்தாலும் விடை மாறாது என்பதால், 'பிரக்ஞையில்தான் வெட்டு' என்பதை இந்தக் கணிதம் நிரூபிக்கவில்லை, அனுமதிக்கிறது, அவ்வளவே. மற்றது, ஓரியல்பு குலைதல் குறித்து ஜெர்மன் இயற்பியலாளர் டீட்டர் ஸே எழுதியவற்றைப் படித்தபின் விக்னரே தம் பழைய கருத்தைக் கைவிட்டார். அவருடைய 1961ஆம் ஆண்டு வாசகத்தை மேற்கோள் காட்டுபவர்கள் அவரது மனமாற்றத்தைச் சொல்வது அரிது.

ஓரியல்பு குலைதல் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பட்டைகள் ஏன் மறைகின்றன என்பதற்கு அது பதில் சொல்கிறது. பல வாய்ப்புகளில் ஏன் இந்த ஒன்று மட்டும் நடந்தது என்பதற்குச் சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் விளக்கங்கள் பிரிகின்றன. எல்லாமே நடக்கிறது, வெவ்வேறு கிளைகளில் என்பது 1957இல் எவரெட் சொன்னது. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை வழிநடத்துகிறது என்பது 1952இல் டேவிட் போம் சொன்னது. அலை தானாகவே அவ்வப்போது சரிகிறது, அதாவது பல வாய்ப்புகள் ஒன்றாகச் சுருங்குகின்றன என்போர் உண்டு. இவற்றில் எதற்கும் மனம் தேவையில்லை. 2011இல் குவாண்டம் அடிப்படைகள் குறித்த மாநாடு ஒன்றில் 33 பேரிடம் கருத்துக் கேட்டபோது, பார்ப்பவரின் பிரக்ஞை அலைச்சார்பை (அந்த அலையின் கணித வடிவை) சரியவைப்பதுபோன்ற தனிச்சிறப்பான பௌதிகப் பங்கு பார்ப்பவருக்கு உண்டு என்றவர்கள் 6 சதவீதம். பெரும்பான்மை உண்மையாகிவிடாது. ஆனால் 'இயற்பியல் நிரூபித்துவிட்டது' என்று சொல்லுமுன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

வேதாந்தம் படித்த இயற்பியலாளர்கள்

எர்வின் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களில் ஊறியவர். வேதாந்தம் பற்றிய அவருடைய கட்டுரை 1925இல் எழுதப்பட்டது. அலைச் சமன்பாடு வெளிவந்தது 1926இல். இந்த வரிசையைப் பார்த்து 'வேதாந்தத்திலிருந்து சமன்பாடு பிறந்தது' என்பார்கள். சமன்பாடு வந்த வழி தெரிந்ததுதான்: டி புரோயியின் பொருள் அலைகளும், ஒளியியலுக்கும் இயக்கவியலுக்கும் இடையே ஹாமில்டன் கண்ட ஒப்புமையும். அதைவிட முக்கியம் 1935இல் அவர் எழுதிய பூனைக் கதை. பெட்டிக்குள் பூனை உயிரோடும் செத்தும் இருக்கிறது, நாம் திறந்து பார்த்தால்தான் முடிவாகும் என்பதை ஓர் அதிசயமாக அவர் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அபத்தத்தில் கொண்டுபோய் விடுகிறதே என்று கேலியாகச் சொன்னார். கேலியே இன்று போதனையாகிவிட்டது.

போம் விஷயம் இன்னும் சுவையானது. ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு பல ஆண்டுகள் உரையாடியவர். காண்பவரும் காணப்படுவதும் வேறல்ல என்ற கருத்தில் தோய்ந்தவர். அவருடைய 1952ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் பார்ப்பவருக்குச் சிறப்பிடம் எதுவும் கிடையாது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துகள் தன் பாதையில் போகும். ஆக, ஆன்மிகத்துக்கு மிக நெருக்கமாக நின்ற இருவருமே தங்கள் இயற்பியலில் பார்ப்பவரின் மனத்துக்கு அரியணை போடவில்லை.

ஜெனீவா அருகே உள்ள சேர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் நிற்கும் 2 மீட்டர் உயர நடராசர் சிலையையும் சான்றாகக் காட்டுவதுண்டு. அது 2004இல் இந்தியா அளித்த பரிசு. ஆடலுக்கும் அணுத்துகள்களின் தோற்றம் ஒடுக்கத்துக்கும் இடையே ஓர் அழகிய உவமையை அது நினைவூட்டுகிறது. உவமைக்கு அதற்கேயான மதிப்பு உண்டு. துகள்முடுக்கியின் அளவீட்டுத் தாளில் அதற்கு இடம் இல்லை.

இந்த ஒப்பீட்டில் நட்டப்படுவது இயற்பியல் மட்டுமல்ல, ஆன்மிகமும்தான். அத்வைதம் சொல்லும் சாட்சி எப்படிப்பட்டது? எதையும் செய்யாதது, எதனாலும் பாதிக்கப்படாதது. முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் இருக்கின்றன. ஒன்று பழத்தைத் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டாம் பறவையை குவாண்டம் 'பார்ப்பவர்' ஆக்குவது எப்படி? தொடாமல் எதையும் அளக்க முடியாது என்பதுதான் குவாண்டம் அளவீட்டின் பாலபாடம். மோதாத வாயு மூலக்கூறு எதையும் அறிவதில்லை. குவாண்டம் அளவீடு முழுக்க முழுக்கப் பழம் தின்னும் பறவையின் வேலை. சாட்சி என்பது பொருள்மேல் வினைபுரியும் ஒன்று என்று சொன்னால், அத்வைதம் அதைச் சாட்சி என்றே ஏற்காது.

இதில் ஆன்மிகம் என்பது ஒற்றைக் குரலும் அல்ல. சைவ சித்தாந்தத்தில் உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. இறைவனும் உயிரும் பாசமும் தனித்தனி உண்மைகள். பௌத்தத்தில் நிலையான பார்ப்பவர் என்று ஒருவரே கிடையாது. ஒரே சமன்பாடு இந்த மூன்றையும் ஒருசேர நிரூபிக்கிறது என்றால், அது எதையும் நிரூபிக்கவில்லை என்றே அர்த்தம்.

மூளைக்குள் குவாண்டம்

மனம் பொருளைச் சரியவைக்கிறது என்பது ஒரு கூற்று. மூளையின் வேலையிலேயே குவாண்டம் விளைவுகள் இருக்கின்றன என்பது வேறொன்று. பின்னதைச் சோதிக்க முடியும், எனவே அது அறிவியல் கேள்வி. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃபும் 1990களில் உருவாக்கிய கோட்பாட்டை ஆன்மிகப் பேச்சாளர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கிறார்கள், பெரும்பாலும் தலைகீழாக. பென்ரோஸ் சொல்வது 'பிரக்ஞை அலையைச் சரியவைக்கிறது' என்றல்ல. அலையின் சரிவே பிரக்ஞையின் கணம் என்று. சரிவுக்குக் காரணம் ஈர்ப்பு.

அவருடைய கணக்கு எளியது. மேற்பொருந்திய இரு நிலைகளுக்கும் இடையிலான ஈர்ப்பு ஆற்றல் வேறுபாட்டால் பிளாங்க் மாறிலியை (2 பையால் வகுத்த மதிப்பை) வகுத்தால் சரிவதற்கு ஆகும் நேரம் கிடைக்கும். மூளையில் வினாடிக்கு 40 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 25 மில்லிவினாடி. அதற்கு வேண்டிய ஆற்றல் சுமார் 4 × 10⁻³³ ஜூல். இதை எட்ட நரம்பணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில், நூறு கோடிகளில் எண்ணப்படும் டியூபுலின் புரதங்கள் ஒன்றாக மேற்பொருந்தி நிற்க வேண்டும். நுண்குழல் ஒன்றின் வெளி விட்டம் 25 நானோமீட்டர். டியூபுலின் ஒன்றின் நீளம் 8 நானோமீட்டர்.

சங்கடம் வெப்பத்தில் இருக்கிறது. மூளை 37 டிகிரியில் ஈரமாக, அயனிகள் முட்டிமோதும் இடம். 2000இல் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் கணக்கிட்டபோது அங்கே ஓரியல்பு 10⁻¹³ முதல் 10⁻²⁰ வினாடிக்குள் குலைந்துவிடும் என்று வந்தது. நரம்பணுக்கள் செயல்படும் நேரமோ மில்லிவினாடிகளில். ஹாமராஃப் தரப்பு 2002இல் அந்தக் கணக்கின் அனுமானங்களைத் திருத்தி 10⁻⁵ முதல் 10⁻⁴ வினாடி வரை நீட்டியது. அதை ஏற்றாலும் 25 மில்லிவினாடிக்கு இன்னும் குறைந்தது 250 மடங்கு பற்றாது. 2020இல் இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில், ஈர்ப்பால் அலை சரிந்தால் வெளிப்பட வேண்டிய மெல்லிய கதிர்வீச்சைத் தேடினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை, அந்தச் சரிவுக் கோட்பாட்டின் எளிய வடிவம் விலக்கப்பட்டது. தம் வடிவத்தில் கதிர்வீச்சே இராது என்பது பென்ரோஸ் தரப்பின் மறுமொழி.

மறுபக்கம் 2024இல் வந்த ஒரு முடிவையும் சொல்ல வேண்டும். நுண்குழல்களை உறுதிப்படுத்தும் எபோதிலோன் பி என்ற மருந்து கொடுத்த எலிகள், ஐசோஃப்ளூரேன் மயக்க மருந்தில் நினைவிழக்கச் சராசரியாக 69 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. மயக்கத்துக்கும் நுண்குழல்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு இது நல்ல தடயம். அங்கே குவாண்டம் மேற்பொருந்துதல் இருந்தது என்பதற்குத் தடயம் அல்ல. நுண்குழல்கள் நரம்பணுவின் சரக்குப் பாதைகளாகவும் வேலை செய்பவை. வெதுவெதுப்பான உயிரில் குவாண்டத்துக்கு இடமே இல்லை என்று அடித்துச் சொல்வதும் தவறு. இடம்பெயரும் பறவைகளின் கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் புரதத்தில், எலக்ட்ரான் இணைகளின் தற்சுழற்சி பூமியின் காந்தப்புலத்தை உணர உதவுகிறது என்ற கருத்து வலுவான ஆய்வுப் பாதையில் இருக்கிறது. அது ஒரு புரதத்துக்குள் நடக்கிற சின்ன வேலை. அங்கிருந்து பிரபஞ்சப் பேருணர்வுக்கு நேர்ப்பேருந்து கிடையாது.

அதிர்வெண்ணும் பின்னலும்

'உங்கள் அதிர்வெண்ணை உயர்த்துங்கள்' என்ற அறிவுரையை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். மூளை மின்வரைவில் தெரியும் 40 ஹெர்ட்ஸ் அலைக்கு உரிய குவாண்டத்தின் ஆற்றல், பிளாங்க் மாறிலியை 40ஆல் பெருக்கினால் 2.65 × 10⁻³² ஜூல். உடல் வெப்பநிலையில் சாதாரண வெப்ப அசைவின் ஆற்றல் 4.3 × 10⁻²¹ ஜூல். பின்னது முன்னதைவிட 16,000 கோடி மடங்கு பெரியது. மூளை அலை என்பது லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து எழுப்பும் மின்னழுத்த ஏற்ற இறக்கம். குவாண்டம் ஆற்றல் படியோடு அதற்கு உறவில்லை.

குவாண்டம் பின்னல், அதாவது விலகிப்போன இரு துகள்களின் முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பது, மெய்யான வியப்பு. இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் வகுத்த சோதனையின் பிற்கால வடிவத்தில், இரு பக்க முடிவுகளின் ஒத்திசைவை ஓர் எண்ணால் அளக்கிறார்கள்; பொது அறிவுக்குப் பொருந்தும் எந்த அமைப்பும் அதில் 2 என்ற எல்லையைத் தாண்டக் கூடாது, குவாண்டம் 2.83 வரை போகிறது. கிளாசரும் ஆஸ்பேயும் ஸைலிங்கரும் இதற்காகவே 2022இல் நோபெல் பெற்றார்கள். ஆனால் பின்னிய இரு துகள்களில் ஒவ்வொன்றும் தனியே தருவது வெறும் தற்செயல் எண்கள். இரு பக்கத்துப் பட்டியல்களையும் சாதாரண வழியில் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் ஒத்திசைவு தெரியும். எனவே பின்னலைக் கொண்டு செய்தி அனுப்ப முடியாது. எண்ணத்தை அனுப்பவும் முடியாது. 2016 நவம்பர் 30 அன்று உலகெங்கும் சுமார் ஒரு லட்சம் பேர் இணையத்தில் தங்கள் விருப்பப்படி தட்டிய 9.7 கோடி பூச்சியம், ஒன்றுகளை வைத்துப் பல ஆய்வகங்கள் பெல் சோதனையை நடத்தின. எந்திரம் தேர்ந்தெடுத்தபோது வந்த குவாண்டம் முடிவே மனிதர் தேர்ந்தெடுத்தபோதும் வந்தது.

கவனத்தால் பொருளை 'உறையவைக்கலாம்' என்ற பேச்சும் உண்டு. மிஸ்ராவும் இ.சி.ஜி. சுதர்சனும் 1977இல் கணித்த குவாண்டம் ஸீனோ விளைவு அதன் மூலம்: அடிக்கடி அளந்தால் அமைப்பு மாறாமல் நின்றுவிடும். 1990இல் சுமார் 5,000 பெரிலியம் அயனிகளில் இது காட்டப்பட்டது. 256 மில்லிவினாடிக்குள் 64 முறைவரை அளந்தது லேசர்த் துடிப்பு. யாருடைய தியானமும் அல்ல.

மனத்தை நேரடியாகச் சோதித்தபோது

பிரின்ஸ்டனில் 1979 முதல் 2007 வரை இயங்கிய ஆய்வகம் ஒன்று, தற்செயல் எண் கருவிகளை எண்ணத்தால் சாய்க்க முடியுமா என்று பார்த்தது. கண்டதாகச் சொன்ன விலகல் பத்தாயிரத்தில் சில பங்கு. அதை உறுதிசெய்ய அவர்களும் இரண்டு ஜெர்மன் குழுக்களும் சேர்ந்து நடத்திய பெரிய மறுசோதனையில் அந்த விளைவு திரும்ப வரவில்லை. இது 2000இல் வெளியானது. தியானம் செய்வோர் இரட்டைப் பிளவுப் பட்டைகளை மனத்தால் மாற்றுகிறார்கள் என்ற 2012ஆம் ஆண்டு ஆய்வுக்கும் இதே கதிதான். 2019இல் வெளியான கறாரான சோதனையில் ஆட்களே இல்லாமல் கருவியை ஓட்டியபோதும் 'விளைவு' தலைகாட்டியது. தேடுகிற அளவு லட்சத்தில் ஒரு பங்கு என்றால் லேசரின் மெல்லிய நகர்வு, அறை வெப்பநிலை, தரவை எங்கே வெட்டுவது என்ற தேர்வு ஆகிய எல்லாமே அந்த அளவுக்கு மேல்தான் இருக்கும். இத்தகைய ஆய்வு கண்ணில் பட்டால் முதலில் தேட வேண்டியது, ஆளில்லா ஓட்டத்தின் முடிவும் பகுப்பாய்வு முறை முன்கூட்டியே பதிவானதா என்பதும்.

தியானம் மூளையில் தடம் பதிப்பதைக் காட்ட குவாண்டம் வேண்டியதில்லை. 10,000 மணி நேரத்துக்கு மேல் பயின்ற பௌத்தத் துறவிகளிடம் 25 முதல் 42 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் வழக்கத்துக்கு மாறாக ஓங்கியிருந்ததை 2004இல் பதிவுசெய்தார்கள். பிரக்ஞை இருக்கிறதா என்பதையே ஓரளவு அளக்க முடிகிறது: மூளையைக் காந்தத் துடிப்பால் தட்டி, எதிரொலியின் சிக்கலை ஓர் எண்ணாக்குகிறார்கள். 0.31க்கு மேல் என்றால் விழிப்போ கனவோ. கீழே என்றால் ஆழ்ந்த உறக்கமோ மயக்கமோ. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் 'உள்ளே ஒருவர் உணர்கிறார்' என்பது ஏன் இருக்கிறது என்ற கேள்வி, தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995இல் கடினச் சிக்கல் என்று பெயரிட்டபோது இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டும் மர்மம், ஆகவே இரண்டும் ஒன்று என்பது மட்டுமே குவாண்டத்தை அதற்கு விடையாகக் கொண்டுவருபவர்களில் பலரின் வாதம்.

பார்ப்பவர் யார் என்ற கேள்வி மெய்யாகவே சோதனைக்கு வரக்கூடிய ஓரிடம் உண்டு. மூடிய அறைக்குள் ஒரு நண்பர் அளவீடு செய்கிறார். வெளியே இருப்பவர் அந்த அறை முழுவதையும் ஒரே குவாண்டம் அமைப்பாகக் கையாள்கிறார். விக்னரின் இந்தப் பழைய புதிரை 2019இல் எடின்பரோவில் ஆறு ஃபோட்டான்களை வைத்து ஆய்வகத்தில் அமைத்தார்கள். 2020இல் பிரிஸ்பேனைச் சேர்ந்த குழுவினர் இன்னும் இறுக்கமான தேற்றத்தோடு வந்தார்கள். கிடைத்த எண்களை ஏற்றால் இம்மூன்றில் ஒன்றைக் கைவிட வேண்டும்: நடந்தது எல்லோருக்கும் ஒன்றே என்பது, தேர்வுச் சுதந்திரம், தொலைவிலுள்ள தேர்வு இங்கே பாதிக்காது என்பது. ஆனால் இதுவரை 'நண்பர்' ஒரு ஃபோட்டான்தான். ஃபோட்டான் பார்ப்பவரா என்று யாரும் கேட்கலாம். மனிதரை வைக்க முடியாது; நம் உடல் வினாடிக்கு 10²¹க்கும் மேற்பட்ட அகச்சிவப்பு ஃபோட்டான்களை வெளியே சிந்திக்கொண்டிருக்கிறது, சூடேறிய அந்த ஃபுல்லரீன்போல. அதனால்தான் 2023இல் வந்த முன்மொழிவு, குவாண்டம் கணினிக்குள் ஓடும், மனிதருக்கு நிகராகச் சிந்திக்கும் செயற்கை நுண்ணறிவை நண்பராக வைக்கச் சொல்கிறது. அப்படிப்பட்ட கணினி இன்னும் இல்லை. உருவானாலும் ஒரு நிபந்தனை உண்டு: சோதனையின் சில சுற்றுகளில் அறைக்குள் நடந்த அனைத்தையும் பின்னோக்கி ஓட்டி அழிக்க வேண்டும். தான் என்ன பார்த்தோம் என்பது அந்த நண்பருக்கே நினைவிருக்காது.